ஊற்றுகளைக் கண்காணித்தல்: குடிநீரும் காலநிலை மாற்றமும்

சுவிற்சர்லாந்தின் குடிநீரில் ஏறத்தாழ 80 வீதம் நிலத்தடியிலிருந்து பெறப்படுகிறது. அதில் ஏறக்குறைய பாதி, நிலத்திலிருந்து தானாகவே வெளிப்படும் ஊற்றுநீர். மறுபாதி கிணறுகளிலிருந்து இறைக்கப்படுவது. எஞ்சிய பங்கு பெரும்பாலும் ஏரிநீராகும். ஆகவே, ஊற்றுகளின் நிலை ஒவ்வொரு வீட்டின் குழாயோடும் தொடர்புடையது.

எவை அளக்கப்படுகின்றன?

மூன்று அளவுகள் முதன்மையானவை. முதலாவது, ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் நீர் வெளிவருகிறது என்பது. சிறிய ஊற்றாயின், அளவு குறித்த வாளியும் கடிகாரமும் இதற்குப் போதும். இரண்டாவது, நீரின் வெப்பநிலை. அது ஆண்டு முழுவதும் மாறாதிருப்பின், நீர் ஆழத்திலிருந்து மெதுவாக வருகிறது எனலாம். பருவத்தோடு ஏறி இறங்கினால், நிலமட்டத்திற்கு அண்மையில் ஓடும் நீராகும். மூன்றாவது, மின்கடத்துதிறன். பாறையில் நெடுங்காலம் தங்கிய நீரில் கனிமங்கள் மிகுந்திருக்கும். புதிய மழைநீர் கலந்தால் இவ்வளவு குறையும்.

யாழ்ப்பாணத்தைப் போன்றே சுண்ணாம்புப் பாறை நிலமான யூரா மலைப்பகுதியில், பாறை வெடிப்புகளினூடாக மழைநீர் சில மணித்தியாலங்களிலேயே ஊற்றை அடையக்கூடும். அத்தகைய ஊற்று வறட்சியில் விரைவாகக் குன்றும். மாசும் அதனை விரைவாக வந்தடையும்.

நீண்டகாலப் பதிவு ஏன் தேவை?

2003, 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் கோடைகள் வறண்டவை. எனினும், ஒரு கோடையில் ஊற்று குன்றியதைக் கொண்டு மட்டும் காலநிலை மாற்றத்தை நிறுவ இயலாது. ஒரே ஊற்றை ஒரே முறையில் பல பத்தாண்டுகள் அளந்தாலே தற்காலிக வறட்சியையும் நிலையான மாற்றத்தையும் வேறுபடுத்தி அறியலாம். இதற்கெனக் கூட்டாட்சிச் சுற்றாடல் அலுவலகம், மாநிலங்களுடன் இணைந்து 'நாக்குவா' என்னும் நாடளாவிய நிலத்தடி நீர்க் கண்காணிப்பை நடத்திவருகிறது.

வெப்பம் உயர்வதால், குளிர்காலத்தில் பனிக்குப் பதிலாக மழை பெய்வது அதிகரிக்கிறது. மலைப்பனியும் முன்னதாகவே உருகுகிறது. வசந்தகாலம் முழுவதும் மெல்ல உருகி நிலத்தினுள் இறங்கிய நீர், கோடைக்கு முன்பே வடிந்துவிடுகிறது. எனவே, ஆண்டு மழையளவு பெரிதும் மாறாதபோதும், தேவை மிகும் கோடை இறுதியில் ஊற்று குன்றக்கூடும்.

வதிவாளர்கள் அறிய வேண்டியவை

1991ஆம் ஆண்டின் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொதுக் குடிநீர் ஊற்றுகளைச் சூழப் பாதுகாப்பு வலயங்கள் வகுக்கப்படுகின்றன. ஊற்றை ஒட்டிய வேலியிட்ட பகுதிக்குள் நுழைதல் ஆகாது.

'வாஸர் ஷ்பாரன்' என்னும் அறிவித்தல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கோருவது. 'டிரிங்க்வாஸர் அப்கோக்கன்' எனின், குழாய்நீரைக் கொதிக்கவைத்தே அருந்த வேண்டும். பொது நீர்த்தொட்டியில் 'கைன் டிரிங்க்வாஸர்' என எழுதப்பட்டிருந்தால், அந்நீர் குடிப்பதற்குரியதன்று. அறிவித்தலின் பொருள் விளங்காவிடின், நீரைப் பயன்படுத்துமுன் நகரசபையிடம் கேட்டறிவதே பாதுகாப்பானது. சிறுவர்களும் முதியோரும் உள்ள வீடுகளில் இது மிக இன்றியமையாதது.