பாம்பு எமோஜி முதல் போலீஸ் புகார் வரை... மோசமான கமென்ட்டுகளைப் பிரபலங்கள் எப்படி சமாளிக்கிறார்கள்?

ஒரு ட்ரெய்லர் வந்தால் போதும். அரை மணி நேரத்தில் நடிகையின் நிறம், எடை, வயசு, கல்யாணம், விவாகரத்து என எல்லாமே கமென்ட் பாக்ஸில் விசாரணைக்கு வந்துவிடும். "பிரபலம்னா இதெல்லாம் சகஜம், கண்டுக்காம போகணும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. பலர் அப்படித்தான் போகிறார்கள். போகாதவர்கள் என்ன செய்தார்கள்?

சிரிக்க வைத்த ஒபாமா

அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் 2012-ல் 'மீன் ட்வீட்ஸ்' என்ற பகுதியைத் தொடங்கினார். பிரபலங்கள் தங்களைத் திட்டி வந்த ட்வீட்டுகளைக் கேமரா முன் தாங்களே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். 2016 அக்டோபரில் அதிபர் ஒபாமா வாசித்தது ட்ரம்ப் போட்ட ட்வீட். 'அமெரிக்க வரலாற்றிலேயே மோசமான அதிபர் என்று ஒபாமா பெயர் எடுப்பார்' என்பது அதன் சாரம். "நானாவது அதிபர்னு பெயர் எடுப்பேன்" என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டு, போனைக் கீழே போட்டார் ஒபாமா. அடுத்த மாதமே ட்ரம்ப் தேர்தலில் ஜெயித்தது தனிக்கதை.

ஆனால் ஒன்று. அங்கே வாசிக்கப்படுவது எல்லாமே கேட்டால் சிரிப்பு வரும் ரகம். கொலை மிரட்டலையும் பாலியல் மிரட்டலையும் யாரும் டிவியில் வாசித்துச் சிரிக்க முடியாது.

பாம்பையே சின்னமாக்கிய டெய்லர் ஸ்விஃப்ட்

2016 ஜூலையில் கிம் கர்தாஷியனுடன் வந்த மோதலுக்குப் பிறகு, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் இன்ஸ்டாகிராம் முழுக்க பாம்பு எமோஜிகள் குவிந்தன. 'நீ ஒரு பாம்பு' என்று சொல்லாமல் சொன்னார்கள். அப்போது இன்ஸ்டாகிராம் சோதித்துக்கொண்டிருந்த ஒரு ஃபில்டர் அவர் பக்கத்தில் பயன்படுத்தப்பட, பாம்புகள் காணாமல் போயின. குறிப்பிட்ட வார்த்தை உள்ள கமென்ட்டை மறைக்கும் அந்த வசதி, செப்டம்பரில் எல்லோருக்கும் வந்தது.

2017-ல் 'ரெப்யூடேஷன்' ஆல்பத்தைப் பாம்பு வீடியோவோடு அறிவித்தார். 2018 டூரில் மேடையிலேயே ராட்சத பாம்பு! செம பதிலடிதான். ஆனால் அதற்கு இரண்டு வருஷமும், உலக டூர் நடத்தும் வசதியும் தேவைப்பட்டது.

திட்டியவருக்கு சிபாரிசு கடிதம்

இங்கிலாந்தின் மேரி பியர்ட் கதை வேற மாதிரி. கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர், ரோமானிய வரலாறு பற்றி டிவியில் பேசுபவர். நரைத்த கூந்தலோடு மேக்கப் இல்லாமல் வருவதே சிலருக்குக் குற்றமாகத் தெரிந்தது. 2013-ல் ஒரு கல்லூரி மாணவர் ஆபாசமாகத் திட்டி ட்வீட் போட்டார். மேரி பியர்ட் அதை அப்படியே தன்னைப் பின்தொடரும் பல ஆயிரம் பேருக்கு ரீட்வீட் செய்தார். ஒருவர் அந்த மாணவரின் அம்மா முகவரியைத் தருவதாகச் சொல்ல, பையன் உடனே மன்னிப்பு கேட்டுவிட்டார்.

அதோடு முடியவில்லை. பிறகு இருவரும் ஒன்றாகச் சாப்பிடும் அளவுக்குச் சமாதானமானார்கள். அவர் பெயரை கூகுளில் தேடினால் இந்த விவகாரம்தான் வருகிறது, வேலை கிடைப்பது கஷ்டம் என்று தெரிந்ததும் அவருக்கு சிபாரிசு கடிதம் எழுதிக் கொடுத்தார் மேரி பியர்ட். ஒரு ட்வீட்டுக்காக ஒருத்தர் வாழ்க்கையே போகக் கூடாது என்பது அவர் கருத்து.

பிரபலம் ஒரு கமென்ட்டை எடுத்துக் காட்டினால் ரசிகர் படையே பாயும் என்பதை மறந்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட் போட்டுத் தள்ளுபவர்கள்தான் அதிகம்.

நம்ம ஊரில்?

2012-ல் பாடகி சின்மயி சென்னை போலீஸ் கமிஷனரிடம் புகார் கொடுத்தார். கைது நடவடிக்கை வந்ததும், 'ட்விட்டரில் பேசினா ஜெயிலா?' என்று பெரிய விவாதமே வெடித்தது. அந்த வழக்கில் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எரிச்சலூட்டும் பதிவுக்குக்கூட கைது செய்ய வழி தந்த பிரிவு அது.

அப்போ இனி என்ன வேணா எழுதலாமா என்றால், இல்லை. ஆபாசப் பதிவுகளுக்கு அதே சட்டத்தின் 67-வது பிரிவு இருக்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவில் இணையத்தில் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78, பெண்ணை இழிவுபடுத்தும் சொல், செயலுக்கு 79, மிரட்டலுக்கு 351 எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. 'படம் மொக்கை, நடிப்பு சுமார்' என்று எழுதுவது இதில் எதிலும் வராது. 'வீட்டுக்கு வந்து பார்த்துக்கிறேன்' என்பது மிரட்டல் வழக்காகலாம்.

2025 ஜூலையில் நடிகையும் முன்னாள் எம்.பி.யுமான ரம்யா (திவ்யா ஸ்பந்தனா), நடிகர் தர்ஷன் ரசிகர்கள் ஆபாசமாக மிரட்டுவதாக 43 கணக்குகளைக் குறிப்பிட்டு பெங்களூரு போலீசில் புகார் கொடுத்தார். அடுத்த சில நாட்களில் கைதுகள் தொடங்கின.

மிரட்டல் வந்தால் பலரும் கோபத்தில் முதலில் செய்வது டெலிட், பிளாக். அதற்கு முன் கமென்ட்டின் ஸ்கிரீன்ஷாட், அந்தப் பதிவின் லிங்க், கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். இதற்குப் பிரபலமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.