கல்லாவுக்கு மேல் இருக்கும் மகாலட்சுமி

மளிகைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு மகாலட்சுமி படம் இல்லாத கடையை நமது பக்கம் காண்பது அரிது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் பூ அந்தப் படத்துக்குத்தான். ஊதுபத்தி ஏற்றி, தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே முதல் போணி. வெள்ளிதோறும் வைத்த சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறி அம்பாள் முகமே தெரியாமல் போன படங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், அந்தப் படத்தில் யானை எதற்கு, தாமரை எதற்கு, இந்த உருவம் எங்கிருந்து நமது கடைக்கு வந்தது என்று யாராவது கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. துவரம் பருப்பு எந்த ஊர் வரத்து என்று மூட்டையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிற நமக்கு, தினமும் கும்பிடுகிற படத்தின் பூர்வீகமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டாமா?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சாமி படத்தைச் சரக்கு உறைகளில் மார்க்காவாக அச்சிடலாமா, கூடாதா என்று நமது உறுப்பினர்களுக்குள் சில காலமாக வாக்குவாதம் நடந்து வருகிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

லட்சுமியின் உருவங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று கஜலட்சுமி. நடுவில் தாமரை மேல் தேவி, இரு புறமும் யானைகள், துதிக்கையில் கலசம் ஏந்தி அவள் தலைமேல் நீர் சொரிகின்றன. மத்தியப் பிரதேசத்தில் உள்ள பார்குத், சாஞ்சி என்னும் இடங்களில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய கற்களிலேயே இந்தக் காட்சி இருக்கிறது. அவை இரண்டும் பௌத்த ஸ்தூபங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் மாமல்லபுரம் வராக மண்டபத்தில், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலச் சிற்பமாக இதே கஜலட்சுமியைக் காணலாம். சுற்றுலா போகிறவர்கள் கடற்கரைக் கோயிலோடு திரும்பி விடாமல் குன்றின் மேல் ஏறி அதையும் பார்த்து வர வேண்டும். யானையை மழை மேகம் என்றும், சொரியும் நீரை மழை என்றும் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். மழை பெய்தால் விளைச்சல், விளைந்தால் வரத்து, வரத்து இருந்தால் வியாபாரம். மழை பொய்த்த ஆண்டுகளில் மண்டியில் உட்கார்ந்து ஈ ஓட்டியவர்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கல்லிலிருந்து காசுக்கு வருவோம். குப்த மன்னர்கள் தங்க நாணயத்தின் ஒரு பக்கத்தில் மன்னர் உருவத்தையும் மறுபக்கத்தில் தேவியின் உருவத்தையும் பொறித்தார்கள். இரண்டாம் சந்திரகுப்தன் காசுகளில் தாமரைமேல் அமர்ந்த லட்சுமியைத் தெளிவாகக் காணலாம். சிலவற்றில் தேவியின் கையிலிருந்து காசுகள் உதிர்கின்றன. கையிலிருந்து பொற்காசு கொட்டும் லட்சுமி ஏதோ காலண்டர்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைப்போர் இதை அறிய வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் ககடவால மன்னர்களின் பொற்காசுகளிலும் அமர்ந்த லட்சுமியே இருந்தாள். அந்த நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பகுதியை வென்ற முகம்மது கோரி என்ன செய்தார் தெரியுமா? ஒரு பக்கம் அதே லட்சுமியை வைத்து, மறுபக்கம் தம் பெயரை நாகரி எழுத்தில் பொறித்துக் காசு அடித்தார்! சரித்திர ஆசிரியர்கள் இதற்குப் பல காரணம் சொல்லக்கூடும். நமக்குத் தோன்றுவது ஒன்றுதான். சந்தையில் கை மாற வேண்டிய காசு, சனங்களுக்குப் பழகிய முகத்தோடு இருந்தால்தான் தட்டிப் பார்க்காமல் வாங்குவார்கள். ஆட்சி மாறினாலும் மார்க்காவை மாற்றக் கூடாது என்கிற நுட்பம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கல்லிலும் காசிலும் இருந்த தேவி காகிதத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். திருவிதாங்கூர் சீமையில் கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவிவர்மா, எண்ணெய் வண்ணத்தில் சாமி படங்களை வரைந்து பெரும் புகழ் பெற்றார். அசல் ஓவியம் அரண்மனைச் சுவருக்குப் போய்விடும். சாதாரண மக்கள் எங்கே போவார்கள்? அதற்காக 1894-இல் பம்பாயில் ஒரு லித்தோ அச்சகம் ஆரம்பித்தார். லித்தோ என்பது கல் அச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். ஒரே தாள் பல கற்களின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். ஒரு கல் மயிரிழை தவறினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். பம்பாயில் பிளேக் நோய் பரவியதை அடுத்து, 1899-இல் லோனாவாலாவுக்கு அருகில் மாலவ்லிக்கு அச்சகம் மாற்றப்பட்டது. படங்கள் நாடெங்கும் பரவியும் அச்சகம் லாபம் காட்டவில்லை. கடன் ஏறி, கடைசியில் அங்கே தொழில்நுட்பம் பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு விலையாகப் போயிற்று. அவர் சாமி படத்தோடு நிற்காமல், கம்பெனிகளுக்கு லேபிளும் விளம்பரப் படமும் அச்சடித்துக் கொடுத்து அச்சகத்தை நடத்தினார். சித்திரம் வரையும் கை வேறு, கணக்குப் பார்க்கும் கை வேறு என்பது நமது அபிப்பிராயம். 1972-இல் அந்த அச்சகம் தீக்கிரையானது.

ரவிவர்மாவின் லட்சுமி பொய்கை நடுவே தாமரை மேல் நிற்கிறாள். நான்கு கைகள், பக்கத்தில் மாலை ஏந்திய யானை. பழைய சிற்பங்களில் கச்சும் இடையாடையும் மட்டுமே உண்டு. நம் வீட்டுப் பெண்களைப் போலத் தலைப்பு விட்டுப் புடவை கட்டிய தேவியை வீடுதோறும் கொண்டு சேர்த்தவை இந்த அச்சுப் படங்களே.

இங்கே ஒரு தகராறு. நின்ற லட்சுமி கடைக்கு ஆகாது, நிற்பவள் புறப்பட்டுப் போய்விடுவாள், உட்கார்ந்த லட்சுமிதான் நிலைப்பாள் என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. காலண்டர் ஆர்டர் கொடுக்கும்போதும் இதைச் சொல்லியே பலர் படத்தைத் தள்ளிவிடுகிறார்கள். நின்ற கோலத்தில் தாயார் அருளும் கோயில்களும் உண்டே, அந்த ஊர்களில் செல்வம் நிற்கவில்லையா என்று கேட்டால் பதில் வராது. நமது மண்டியில் இருப்பது நின்ற லட்சுமிதான். தகப்பனார் காலத்தில் மாட்டியது. கடனுக்குச் சரக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு லட்சுமி நிற்கவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

நமது தமிழ்நாட்டுக் காலண்டர் படத்துக்குத் தனிச் சாயல் கொடுத்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். கம்பெனியோடு வந்து கோவில்பட்டியிலேயே தங்கி ஸ்டூடியோ வைத்தார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரிடம் உருவானார்கள். நாடகத் திரையின் தூணும் திரையும் மண்டபமும் அப்படியே சாமி படத்தின் பின்னணியாக வந்ததை அவர் படங்களில் பார்க்கலாம். முகம் மட்டும் நம் ஊர் முகம், நம்மையே நேராகப் பார்க்கும் முகம். அவருடைய மீனாட்சி கல்யாணப் படம் தொங்காத வீடு ஒரு காலத்தில் குறைவு. பக்கத்திலேயே சிவகாசி இருந்தது அவருக்கும் நமக்கும் நல்லதாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; லேபிளுக்கு அச்சகம் வேண்டும்; அச்சகம் வந்த பிறகு காலண்டர் வராமல் இருக்குமா? இன்றும் ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் அங்கே வெளியாகிறது.

ஆல்பத்தைப் புரட்டும்போது படத்தைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நல்லது. மீனாட்சி என்றால் கையில் கிளி இருக்க வேண்டும். காமாட்சி என்றால் கரும்பு வில். கன்னியாகுமரி அம்மன் கையில் ஜபமாலை. சரஸ்வதி என்றாலே வீணை என்கிறோம்; ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்து ஞானசரஸ்வதியின் கைகளில் வீணை இல்லை, சுவடியும் ஜபமாலையும் கமண்டலமும்தான். ஆயுத பூஜையன்று நாம் பேரேட்டையும் எடைக்கல்லையும் அவள் முன் அடுக்கி வைப்பதற்கு அந்தச் சுவடிச் சரஸ்வதிதான் பொருத்தம் என்போம். பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதன் மூலையில் மஞ்சள் தடவாத கடை உண்டா! நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணிய பழக்கம் மட்டும் மின் தராசு வந்ததும் மெல்ல மறைகிறது.

இனி அந்த மார்க்கா விஷயம். கற்பூரம், ஊதுபத்தி, குங்குமம், விளக்கெண்ணெய் என்று பூஜைச் சாமான் உறைகளில் தொடங்கி, அப்பளம், சேமியா, பெருங்காயம் வரை அம்மன் படம் ஏறிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் மான்செஸ்டர் மில் துணிக் கட்டுகளிலேயே நம் சாமி படங்களை லேபிளாக ஒட்டி அனுப்பினார்கள். ஆகவே இது புதிது அல்ல. எழுத்துத் தெரியாதவரும் படத்தைக் காட்டிச் சரக்குக் கேட்டார்கள். படத்தை மாற்றினால் பழைய வாடிக்கை போய்விடும், போலி நுழைந்துவிடும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல தலைமுறை உழைப்பு அந்தச் சிறு படத்தில் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், உறை கிழிந்த பின் என்ன ஆகிறது? நமது தெருவைப் பெருக்கும் ஓர் அம்மாள் தினமும் காலையில் சாமி படம் போட்ட உறைகளை மட்டும் பொறுக்கி, மின்கம்பத்தடியில் அடுக்கி மேலே ஒரு கல்லைப் பாரமாக வைத்துவிட்டுப் போவார். ஏன் அம்மா என்று கேட்டோம். “மிதிக்கவும் மனசு வரலை முதலாளி, குப்பை வண்டியில போடவும் மனசு வரலை. நான் எங்கேதான் கொண்டுபோய் வைக்கிறது?” என்றார். விற்ற நம்மிடம் பதில் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் பூ வைத்துக் கும்பிடும் அதே முகம், சாக்கடை ஓரம் கிடப்பதற்கு நாமும் ஒரு கைதானே?

சட்டமும் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. எந்தப் பிரிவினரின் மத உணர்வையும் புண்படுத்தக்கூடிய அம்சம் கொண்ட குறியைப் பதிவு செய்யக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் கூறுகிறது. 2015-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஊதுபத்திக்கு ‘ராமாயணம்’ என்ற பெயரைத் தமக்கே உரிய சின்னமாகக் கேட்டார் ஒரு வியாபாரி. புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கென்று உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. உறையில் ராமர், சீதை, இலட்சுமணர் படம் போட்டிருந்ததையும் குறிப்பிட்டு, தெய்வங்களை வைத்து ஆதாயம் தேடுவதாகும் அது என்றும் சொன்னது. வேறு சொல் முன்னோ பின்னோ சேர்ந்து, நூலின் பெயர் என்ற தன்மை மாறினால் பரிசீலிக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. ஆகவே ‘லட்சுமி’ என்ற வெறும் பெயரையும் படத்தையும் நம்பி லட்சக்கணக்கில் விளம்பரம் செய்வோர், நாளை பக்கத்துத் தெருக்காரர் அதே லட்சுமியைப் போட்டால் தடுக்க வழி எந்த அளவு உண்டு என்று முன்கூட்டியே வக்கீலிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

நமது யோசனை இதுதான். புதிதாக மார்க்கா தொடங்குவோர் தாமரை, கலசம், குத்துவிளக்கு, யானை என்று மங்கலச் சின்னத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்ப்போருக்கு லட்சுமி தானே நினைவுக்கு வருவாள். பழைய மார்க்கா உள்ளவர்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த உறை அச்சடிக்கும்போது முகத்தைச் சிறிதாக்கி, பெயரைப் பெரிதாக்கி, படிப்படியாக மாற்றினால் வாடிக்கை போகாது. அம்மன் முழு உருவமாக வீற்றிருக்கக் காலண்டர் இருக்கிறது. அதிலும் நம் வாடிக்கையாளர்களில் இஸ்லாமியர், கிறிஸ்தவர் உண்டு என்பதால் இயற்கைக் காட்சிப் படத்தில் ஒரு பங்கு ஆர்டர் கொடுப்பது நமது வழக்கம்.

ஆண்டு முடிந்த காலண்டர்களைக் கொண்டுவந்து தரும் வாடிக்கையாளர்களுக்கு நமது கடையிலேயே ஒரு பெட்டி வைக்கலாம். தகரப் பட்டியைக் கழற்றி, படத் தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கித் தென்னை மரத்தடியில் விட்டால் மண்ணோடு சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட படம் மட்டும் ஊறாது. ஆகையால் வரும் ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் பார்க்கும்போதே பூச்சு இல்லாத தாளாகக் கேட்டு வாங்குங்கள். விலையும் சற்றுக் குறையும்.