வீட்டை இடிக்கிறீங்க, சரி... திரும்பி வர சீட்டு எங்கே?

சென்னையில் "போர்டு வீடு" என்றால் தெரியாதவர் கிடையாது. கீழே இட்லிக் கடை, மாடிப்படியில் பூக்கட்டும் தாய்மார்கள், வாசலில் மீன்பாடி வண்டி. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே பிழைக்கும் ஜனங்கள்!

இந்தக் கட்டிடங்களில் பலவற்றுக்கு வயசாகிவிட்டது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு குடியிருப்பு சரிந்தே விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாலேயே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே, பழசை இடிக்கத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை.

"இடிங்க சார்... ஆனா எங்களைத் திரும்ப இங்கேயே விடுவீங்களா?" தகராறு எல்லாம் இந்தக் கேள்வியில்தான்!

அன்று...

1970-ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் பிறந்தது. ஏழே ஆண்டில் குடிசையில்லா நகரம் என்பது திட்டம். குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் கட்டிடங்கள் எழும்பின. விலாசம் மாறவில்லை; பிழைப்பும் கெடவில்லை.

1977-ல் உலக வங்கிக் கடனோடு இன்னொரு வழி வந்தது. குடிசையை இடிக்காமலே குழாய், கக்கூஸ், தெருவிளக்கு போட்டு, மனையை அவரவருக்கே கொடுக்கும் வழி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் புதிதாக மனை பிரித்தும் கொடுத்தார்கள்.

ஊருக்கு வெளியே!

பிறகு காற்று திசை மாறியது. 2000-ல் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஜனங்களுக்குப் பெரும்பாக்கம்.

வீடு கிடைத்தது, வேலை எட்டாமல் போச்சு! காலை 6 மணிக்கு மாம்பலத்தில் பாத்திரம் தேய்க்க வேண்டிய அம்மாள் எத்தனை மணிக்கு எழுந்து பஸ் பிடிப்பாள்?

2021-ல் வாரியத்தின் பெயர் "நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்" என்று மாறியது. பழைய போர்டு வீடுகளை அதே இடத்தில் இடித்துக் கட்டும் வேலையும் சூடு பிடித்தது. புது வீடு ஏறக்குறைய 400 சதுர அடி. பழசு அதில் பாதிதான். நல்ல காரியம்!

நடுவில் எங்கே தங்குவது?

இடிக்கும்போது குடும்பத்துக்குக் கொடுக்கும் கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆனது. கட்டிட வேலை ஒன்றரை வருஷத்தில் முடிந்தாலும் மாசம் 1,333 ரூபாய்தான் ஆகிறது. அதுக்கு இந்த ஊரில் ஒண்டுக்குடித்தனம் கிடைக்குமா? அட்வான்ஸ் வேறே! தண்டல்காரரிடம் கை நீட்ட வேண்டியதுதான். வேலை இழுத்துக்கொண்டே போனால் கடனும் கூடவே ஏறும்.

இன்னொரு சிக்கல், பெயர்ப் பட்டியல். வீடு ஒதுக்கியது தாத்தா பெயரில். தாத்தா காலமாகிவிட்டார், பெயர் மாற்றவில்லை. சிலர் வெறும் பேப்பரில் எழுதி விலைக்கு வாங்கிக் குடியேறியவர்கள். பல காலம் அங்கேயே வாழ்ந்தும், பட்டியலில் பெயர் இல்லை என்றால் தெருதான்!

அவசரமாகக் கட்டித் தந்தாலும் போதாது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புது வீட்டுச் சுவரைக் கை வைத்துத் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்ததாக 2021-ல் புகார் எழுந்து, ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதிக்கும்படி ஆனதே!

மூணே மூணு காரியம்

ஒன்று, கடப்பாரை விழும் முன்னே பட்டியலைச் சரிபார்த்து, பெயர் போட்ட சீட்டைக் கையில் கொடுக்கணும்.

இரண்டு, பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடத்துக்கே நடந்து போகிற தூரத்தில் தற்காலிக இடம் தரணும். இல்லாவிட்டால் ஊர் வாடகைக்குத் தகுந்த பணத்தை மாசாமாசம் தரணும்.

மூன்று, திரும்பி வரும் தேதியையும், கட்ட வேண்டிய பங்குத் தொகையையும் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடணும்.

இவ்வளவும் கையில் கிடைத்தால், மூட்டை முடிச்சைத் தாங்களே கட்டிக்கொண்டு கிளம்ப ஜனங்கள் தயார். சீட்டு எழுதிக் கொடுக்க அதிகாரிகள் தயாரா?