தில்லியின் பறவைகளும் அவற்றை எண்ணுகிறவர்களும்

சுல்தான்பூர் என்றவுடன் நம்மில் அநேகருக்குத் தில்லியிலுள்ள சுல்தான்புரி குடியிருப்பே நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வேறோர் இடம். குருகிராமிலிருந்து ஃபரூக்நகர் செல்லும் சாலையில், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆழமற்ற ஏரி அது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தின் மேலாகப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் அங்கே வந்து இறங்குகின்றன. அந்த ஏரி சரணாலயமானதில் ஒரு சிறிய சங்கத்திற்குப் பெரும் பங்குண்டு.

தில்லி பறவை நோக்கர் சங்கம் 1950-இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவர் ஹோரஸ் அலெக்சாண்டர் என்னும் ஆங்கிலேயர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், காந்தியடிகளின் நண்பர். 1947 ஆகஸ்டில் கலவரம் சூழ்ந்த கல்கத்தாவில் காந்தியடிகளுடன் இருந்த இம்மனிதர், பறவைகளைக் கவனிப்பதை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பின்னாளில் அச்சங்கத்தின் கௌரவச் செயலாளராயிருந்தவர் பீட்டர் ஜாக்சன் என்னும் பத்திரிகையாளர். சுல்தான்பூர் ஏரியைச் சரணாலயமாக்க வேண்டுமென்று அவர் 1970-இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தியிடம் எடுத்துரைத்தார். பிரதமருக்கும் பறவைகளில் ஈடுபாடு உண்டு என்பது காரியத்தை எளிதாக்கியிருக்க வேண்டும். மறு ஆண்டே, 1971-இல், ஏரி சரணாலயமாயிற்று. பின்னர் அது தேசியப் பூங்காவாக உயர்ந்து, 2021-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

இத்தகைய குழுக்கள் என்னதான் செய்கின்றன? விடியற்காலையில் கூடி, மங்கிய நிற ஆடை உடுத்தி, தொலைநோக்கியும் குறிப்பேடுமாய் மெதுவாக நடக்கிறார்கள். பெருங்கூட்டமாய் நீரில் மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்து, அந்த அளவைக்கொண்டு முழுக் கூட்டத்தையும் மதிப்பிடுகிறார்கள். சென்ற ஆண்டு இருந்த பறவை இவ்வாண்டு காணப்படவில்லையென்றால் அதையும் எழுதிவைக்கிறார்கள். பொழுதுபோக்கிற்கும் பாதுகாப்புப் பணிக்கும் உள்ள வேறுபாடு இந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது என்பேன். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் இத்தகைய தன்னார்வலர்களின் பிரயாசத்தாலேயே நிறைவேறுகிறது.

பறவைகளின் காரியம் மனிதரின் வீட்டுவாசல் வரை வருவதுமுண்டு. ஓக்லா அணைக்கட்டின் வழியாய் நொய்டாவுக்கு வேலைக்குச் செல்லும் சகோதர சகோதரிகள், யமுனையின் அந்த நீர்ப்பரப்பைத் தினமும் பார்க்கிறார்கள். 1990-இல் அது பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2013 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எழுந்த கட்டடங்களுக்குக் கடிவாளமிட்டது. கடன் வாங்கி முன்பணம் கட்டிய குடும்பங்கள் வீட்டிற்குள் செல்ல முடியாமல் தவித்தன. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு பாதுகாப்பு எல்லையை மூன்று பக்கங்களில் 100 மீட்டராகவும், வடக்கே 1.27 கிலோமீட்டராகவும் வரையறுத்தது. வீடு வாங்கியவர்கள் குற்றவாளிகளல்லர். எல்லையை முன்னமே வரையாததன் சுமை அவர்கள்மேல் விழுந்தது. ஆயினும் 100 மீட்டர் என்பது மிகக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுக்குமாடிகளின் இரவு விளக்கும் இரைச்சலும் அந்தத் தூரத்தில் நின்றுவிடுவதில்லை.

சுல்தான்பூருக்கோ தண்ணீரே கவலை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் குர்கான் கால்வாய் வழியே யமுனை நீரைக் கொண்டுவந்து ஏரியை நிரப்ப வேண்டியிருக்கிறது. சரணாலயம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு வாத்துகள் இறங்குவதில்லை. நீரைக் கண்டே இறங்குகின்றன.

பறவை நோக்கும் நடைகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடப்பதால், ஆராதனைக்குச் செல்லும் நமக்கு அவை ஒத்துவருவதில்லை. பிள்ளைகளுடன் செல்ல விரும்புவோர் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரு சனிக்கிழமை காலையைத் தெரிந்துகொள்ளலாம். சுல்தான்பூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு குறிப்பேட்டையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.