மலை வீட்டுக் கணப்பு



தை மாதத்து நண்பகலில் போடிநாயக்கனூரில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேருந்தில் ஏறும் ஒருவர், போடிமெட்டை அடைவதற்குள் அதே துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி வெப்பம் குறைந்துவிடுகிறது. பொழுது சாய்ந்துவிட்டாலோ சொல்லவே வேண்டுவதில்லை.

சில மாதங்களுக்கு முன்பு, என்னிடம் பயின்ற ஒருவர் மலைமேல் ஆசிரியப் பணி கிடைத்து, வாடகைக்கு வீடு பார்க்க என்னையும் உடன் அழைத்துச் சென்றார். இரண்டு வீடுகள் கிடைத்தன. ஒன்று, சுவரில் பெரிய கணப்பும் மேலே புகைபோக்கியும் உடைய பழைய பங்களாவின் பகுதி, வாடகை மிகுதி. மற்றொன்று, ஓடு வேய்ந்த சிறு வீடு. அதில் கணப்பு இல்லை. ஆனால் ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு உண்டு. கதவும் சன்னலும் இடுக்கின்றிப் பொருந்தியிருந்தன. தரகர் அந்தக் கணப்பையே மும்முறை சுட்டிக் காட்டினார். அதற்கு அத்தனை விலை தகுமா?

திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கே அறைக்குக் கிடைக்கிறது. எஞ்சியதெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். நமக்கு வந்து சேருவது தழலிலிருந்து நேரே வீசும் கதிர்வெப்பம் மட்டுமே. ஆகையால்தான் கணப்பின் முன் அமர்ந்தவருக்கு முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. சூடேறிய காற்று மேலே விரைய, அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே வெளிக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கணப்பு எரியும்போது கதவிடுக்கருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்நோக்கி வளைவதைக் காணலாம். அறையைச் சூடாக்கும் நெருப்பே அறையைக் குளிரவும் செய்கிறது!

பீரங்கியைத் துளையிடும்போது தோன்றும் வெப்பத்தை ஆராய்ந்த ரம்போர்டு பிரபுவைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவரே 1796இல் கணப்பைப் பற்றியும் எழுதினார். அடுப்புக்குழியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை செல்லும் தொண்டையை ஒடுக்கினால் கதிர்வெப்பம் அறைக்குள் திரும்பும், புகையும் குறையும் என்று காட்டினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஏலத்தோட்டத்து 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் அறைக்குள் நுழைந்து பாருங்கள். நெருப்பு மூட்டும் உலை ஒரு புறத்தில் இருக்கும். அதன் புகை இரும்புத் தகட்டுக் குழாய் வழியே அறை முழுவதும் சுற்றி, தன் வெப்பத்தைக் குழாய்ச் சுவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகே வெளியேறும். புகை காயைத் தீண்டுவதில்லை. வெப்பம் மட்டும் தீண்டுகிறது. பச்சைக் காயின் எடையில் நூற்றுக்கு 80 பங்கு வரை நீர். அதனை ஏறத்தாழ 10 பங்காகக் குறைக்க, 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு நாள் அளவு வைத்திருப்பர். சூடு மீறினால் பசுமை கெடும். பசுமை கெட்டால் போடி ஏலத்தில் விலை கெடும். காய்க்கு இத்தனை கவனமாகச் சூடு அளந்த தோட்டக்காரர், தம் வரவேற்பறையில் மட்டும் விறகின் பெரும்பகுதியை வானத்துக்கு வார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேடிக்கையே.

ஈர விறகைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். அது விறகின் சூட்டிலிருந்தே போகிறது. தழலும் மந்தமாகிப் புகை பெருகும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். புகைபோக்கி வீணாக்குகிறது என்று எண்ணி, குமுட்டி அடுப்பில் கரியை மூட்டிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்பவர் உண்டு. கரியில் புகை தெரியாது. ஆனால் காற்றுக் குறைந்த இடத்தில் அது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடும். நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். உறங்கியவர் உறக்கத்திலேயே மாண்டுபோவார். மலையூர் விடுதிகளிலிருந்து இத்தகைய செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம், வகுப்பில் இதனை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

தொழிலாளரின் லைன் வீடுகளில் கணப்பு ஏது? சமையலடுப்பே குளிர்காயும் இடம். சூட்டோடு புகையும் அறைக்குள்ளேயே தங்கும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கும் தொழிலாளருக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கிற்று. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகியவற்றையே முதலில் பெயர் சுட்டிய அச்சட்டத்தில், 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏலமும் சேர்ந்தது. எனினும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் பொதுவாக அதன் வரம்புக்கு வெளியே நின்றன. ஏலம் பயிரிடுவோரில் சிறு விவசாயிகளோ மிகப் பலர். ஆதலால் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் குடியிருந்துகொண்டு, விடியுமுன் ஜீப்பில் மலையேறுவோர் ஏராளம். அவர்கள் வேலை செய்வது மலையில், வாடகை கொடுப்பது அடிவாரத்தில்.

என் மாணவர் பலகை மச்சு வேய்ந்த சிறு வீட்டையே எடுத்துக்கொண்டார். கணப்புக்கென்று கேட்ட மிகைத் தொகை மாதந்தோறும் மிஞ்சுகிறதாம். இரவில் கம்பளி மட்டும் ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.