டீசல் லாரிக்கு எரிவாயு: எந்த வழியாக, எந்த நொடியில்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்துகிறது. அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. அதற்கு ஏறத்தாழ 210 முதல் 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கான மீத்தேன் தானாகப் பற்ற 540 டிகிரி அளவுக்கு வேண்டும். எல்பிஜியில் உள்ள புரோப்பேனுக்கு ஏறக்குறைய 470. அழுத்தத்தை மட்டும் நம்பி இந்த வாயுக்களை லாரி இன்ஜினில் சீராக எரிக்க முடியாது.

கொஞ்சம் டீசலைத் தீக்குச்சியாக வைத்துக்கொண்டால் முடியும். இந்த யோசனை புதிதல்ல. ருடால்ஃப் டீசலே 1901இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை ஒன்றில், ஓர் எரிபொருளை இன்னோர் எரிபொருளால் பற்றவைக்கும் முறையை விவரித்திருக்கிறார். டீசல் விலை ஏறி, எரிவாயு அதைவிட மலிவாகக் கிடைக்கும் காலங்களில் லாரி உரிமையாளர்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்புகிறது.

காற்றோடு கலந்து அனுப்புவது

எளிய வழி, இன்ஜின் உறிஞ்சும் காற்றிலேயே வாயுவைக் கலந்துவிடுவது. டர்போவுக்கு அருகிலோ இன்டேக் மேனிஃபோல்டிலோ வாயு இன்ஜெக்டர்களைப் பொருத்துகிறார்கள். ஒரு வாயுத் தொட்டி, ஒரு ரெகுலேட்டர், டீசல் அளவைக் குறைக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. வாயு தீர்ந்துவிட்டால் வண்டி பழையபடி முழு டீசலில் ஓடும்.

இந்த கிட்டைப் பொருத்தியதும் டீசல் செலவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் கணக்கில் வாயுவையும் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எல்பிஜியில் 25 சொச்சம்தான். 100 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் டீசல் குடிக்கும் லாரியில் கால் பங்கை எல்பிஜிக்கு மாற்றினால், மிச்சமாகும் 10 லிட்டர் டீசலுக்கு ஈடாக 14 லிட்டர் எல்பிஜி போகும். எல்பிஜியின் லிட்டர் விலை டீசல் விலையில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எரிபொருள் செலவில் லாபம். கிட், பராமரிப்புச் செலவு தனி. சிறிதளவு வாயு சேர்த்தாலே டீசல் முழுமையாக எரிந்து மைலேஜ் எகிறும் என்ற விளம்பரத்துக்கும் பெரிய இடமில்லை. சரியாகப் பராமரிக்கப்பட்ட நவீன டீசல் இன்ஜின் தன் எரிபொருளை ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுவதும் எரித்துவிடுகிறது.

கால் பங்கோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது சிலிண்டர் சூடாகும். அப்போது காற்றில் கலந்திருக்கும் புரோப்பேன் அதிகமானால், தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்து நாக்கிங் உண்டாகும். பிஸ்டன் பழுதாவது அங்கேதான். மீத்தேன் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். அதனால் இயற்கை எரிவாயுவை இன்னும் அதிகப் பங்கில் சேர்க்க முடிகிறது.

எரியாமல் தப்பும் மீத்தேன்

மீத்தேனின் சிக்கல் வேறு. டீசல் இன்ஜின் எப்போதும் நிறையக் காற்றை இழுப்பது. பாரம் குறைவாக இருக்கும்போது அவ்வளவு காற்றில் வாயு நீர்த்துப்போகிறது. தீ அதன் வழியே பரவாமல் பாதியில் அணைந்துவிடும். உறிஞ்சும் வால்வும் புகை வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சில கணங்களில் கொஞ்சம் வாயு நேராகப் புகைக்குழாய்க்கே போய்விடும். பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் சிக்குவது வேறு. வினையூக்கி வைத்து எரிக்கலாம் என்றால், மீத்தேனை மாற்ற அதற்கு 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். டீசல் புகை பல நேரம் அவ்வளவு சூடாக இருப்பதில்லை.

நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டைஆக்சைடைப்போல 27 முதல் 30 மடங்கு வரை புவியைச் சூடாக்கும். பிரிட்டனில் அரசு நிதியுதவியுடன் 2012 முதல் நடந்த லாரித் திட்டத்தில் பெரும்பாலானவை இரட்டை எரிபொருள் வண்டிகள்தான். பின்னர் அவற்றில் சிலவற்றின் புகையைச் சோதித்தபோது, தப்பிய மீத்தேன் கார்பன் சேமிப்பை விழுங்கியதோடு நிலைமையை டீசலைவிட மோசமாக்கியதும் தெரியவந்தது.

கடைசி நொடியில் பீய்ச்சுவது

வோல்வோ நிறுவனம் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டது. 2011இல் அது கொண்டுவந்த எஃப்எம் மீத்தேன்டீசல் லாரி, 13 லிட்டர் இன்ஜினில் வாயுவைக் காற்றோடு கலந்து அனுப்பியது. எரிபொருளில் 75 சதவீதம் வரை எரிவாயு. 2017இல் அறிவித்த எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) லாரியிலும் 13 லிட்டர் இன்ஜின்தான். வாயு நுழையும் இடமும் நேரமும் மாறிவிட்டன.

இதில் சிலிண்டர் காற்றை மட்டும் அழுத்துகிறது. பிஸ்டன் மேலே வந்ததும் ஒரே இன்ஜெக்டர் முதலில் துளி டீசலைப் பீய்ச்சுகிறது. அது பற்றியதும் உயர் அழுத்தத்தில் வாயு உள்ளே பாய்கிறது. வாயு காற்றோடு சுற்றித் திரியும் நேரமே இல்லாததால் நாக்கிங் இல்லை; நழுவும் மீத்தேனும் மிகக் குறைவு. டீசலின் பங்கு 5 முதல் 10 சதவீதம்தான். டீசல் லாரியோடு ஒப்பிட்டால் கார்பன் டைஆக்சைடு 20 சதவீதம் குறையும் என்கிறது வோல்வோ.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிலிப் ஹில் 1980களில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது இந்த நுட்பம். அதை விற்பனைக்குக் கொண்டுவர 1995இல் வெஸ்ட்போர்ட் நிறுவனம் உருவானது. பட்டறையில் கூடுதலாகப் பொருத்தும் கிட்டாக இதைச் செய்வது கடினம்: உறைகுளிர் திரவத்தைத் தாங்கும் தொட்டி, அதை உயர் அழுத்தத்துக்கு ஏற்றும் பம்ப், புதிய இன்ஜெக்டர் எல்லாம் வேண்டும்.

காற்றோடு வாயுவைக் கலக்கும் கிட்டைப் பொருத்துவது ஓரிடத்தில் நிற்கும் பழைய இன்ஜினுக்கு எளிது. டெல்லி வட்டாரத்தில் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் டீசல் ஜெனரேட்டர்களுக்கு 70 சதவீதம் எரிவாயு, 30 சதவீதம் டீசல் என்ற கிட்டுக்கு வழிவிட்டது. ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடும். கலவையை அந்த வேகத்துக்கே பொருத்திவைக்கலாம். லாரியோ சிக்னலில் உறுமி நிற்கும், அடுத்து மேடேறும், பிறகு வெறும் வண்டியாகத் திரும்பும்.

லாரிக்கான வழியில், வோல்வோவும் வெஸ்ட்போர்ட்டும் 2024இல் கடைசி நொடியில் வாயுவைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் தொழிலுக்கென்றே செஸ்பிரா என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அடுத்து அதே வழியில் ஹைட்ரஜன்: அதுவும் தானாகப் பற்ற மறுக்கும் வாயு என்பதால், அதற்கும் துளி டீசலோ அதுபோன்ற வேறு எரிபொருளோ தேவைப்படும். ஹைட்ரஜன் லாரிகளை 2026இல் சாலையில் சோதித்து, இந்தப் பத்தாண்டின் முடிவில் விற்பனைக்குக் கொண்டுவருவது வோல்வோ அறிவித்த திட்டம்.