குறும்பின் கலை

பாலக்காட்டு எல்லையிலுள்ள எங்கள் பெருமாட்டியில் தமிழும் மலையாளமும் அண்டை வீடுகளில் ஒலிப்பவை. அடங்காத பிள்ளையை இரு மொழியினரும் ஒரே பெயரால் வைவர்: குட்டிச்சாத்தான்! அப்பெயர் தாங்கி 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கிய இப்படமே இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். இசை நம் இளையராஜா. மந்திரவாதிக்கு அடிமைப்பட்ட ஒரு குட்டிச்சாத்தானை மூன்று சிறுவர் விடுவித்துத் தோழனாக்கிக்கொள்வதே கதை. இங்கே இயற்கை விதிகளும் குழந்தைகளுக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றன. ஒரு பாடற்காட்சியில் சிறுவர்கள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடக்கிறார்கள்!

இஃது எவ்வாறு இயன்றது? அறை முழுவதையும் சுழலும் சட்டத்துக்குள் அமைத்தனர். படக்கருவியை அறையோடு பிணைத்தனர். அறை சுழலும்போது கருவியும் உடன் சுழலும். ஆதலால் திரையில் அறை அசையாதது போல் தோன்றும். சிறுவர்களோ எப்போதும் கீழே வரும் பக்கத்திலேயே நடக்கிறார்கள். 1951 ஆம் ஆண்டின் அமெரிக்கப் படமொன்றில் ஃபிரெட் அஸ்டேர் கூரையில் ஆடியதும் இம்முறையால்தான்.

முப்பரிமாணத்தின் சூழ்ச்சியும் எளிதே. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வாறே இரு படங்கள் எடுத்து, வெள்ளித்திரையில் ஒருசேர வீழ்த்துவர். சிறப்புக் கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய படத்தை மட்டும் விடும். இரண்டையும் மூளை இணைத்ததும், பொருள் நம் முகத்தருகே வந்து நிற்கும்.

பிரான்சு நாட்டிலும் இதற்கொரு மூத்த உடன்பிறப்பு உண்டு. ரேமோன் கெனோ 1959 இல் எழுதிய நாவலை லூயி மால் 1960 இல் படமாக்கினார். பெயர் 'மெட்ரோவில் ஸாஸி'. சுரங்க இரயிலைக் காணும் ஆவலோடு பாரிசு வந்த சிறுமி ஸாஸிக்கு, வேலைநிறுத்தத்தால் அது கிட்டவில்லை. அவள் ஊரையே கலக்குகிறாள். படத்தின் வேகத்தைக் கூட்டியும், காட்சிகளை வெட்டித் தாவவிட்டும், கேலிச்சித்திரம் உயிர்பெற்று ஓடுவதுபோல் செய்தார் மால். இறுதியில் இரயில் ஓடும்போது அவள் உறங்கிவிடுகிறாள்!

இவ்விரு படங்களும் உணர்த்துவது ஒன்றே. மந்திரவாதி சாத்தானிடம் வேலை வாங்கப் பார்க்கிறான். குழந்தைகளோ விளையாட அழைக்கிறார்கள். ஸாஸியைச் சுற்றியுள்ள பெரியோர் ஓயாது ஓடுகிறார்கள். அவள் கேட்டதோ ஓர் இரயில் பயணம். குழந்தையின் குறும்பை அடக்க ஒரு பிரம்பு போதும். அதைத் திரையில் மலரச்செய்யவோ சுழலும் அறையும், கணக்கும், பொறுமையும் வேண்டியிருந்தன. நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகவிருக்கும் நண்பர்களே, குட்டிச்சாத்தான் என்று வையுமுன், அப்பிள்ளை கேட்பது என்னவென்று ஒருமுறை கேளுங்கள்.